கடலுக்குள்ளே கோட்டு எதுக்கு, மாப்ள?

என் ஒரே தங்கச்சி ஜெசியைக் கட்டிக்கொண்டு, என்னைக் காலமெல்லாம் கேலி பண்ணிவிட்டு, நான் பதில் யோசித்து வாயைத் திறக்குமுன் கிளம்பிப் போய்விட்ட, என் பிரியத்துக்குரிய மாப்ள லூர்து,

சுகமா இருக்கீரா? நீர் இருக்கிற இடத்துக்குச் சரியான விலாசம் தெரியாததால் ஊரறியப் பத்திரிகையில் எழுதுகிறேன். சாமியார் ஒரு இடம் சொல்லுகிறார். ஜெசி நல்ல மனநிலையில் இருந்தால் அதே இடத்தைச் சொல்லுகிறாள், கோபத்தில் இருந்தால் வேறு இடம் சொல்லுகிறாள். எங்கே இருந்தால் என்ன, அங்கேயும் ஒரு டீக்கடையும் வடை மடித்த பழைய பத்திரிகையும் இல்லாமலா போய்விடும்?

எனக்கு இன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை வே. மத்தியானம் ஜெசி என் பேனர் கடைக்கு வந்தாள். நான் வரைந்த ஒரு படத்தை அச்செடுத்து அவள் கையில் கொடுத்தேன். பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சாயங்காலம் சொல்லுதேன்" என்று போய்விட்டாள். இன்றைக்கு ராத்திரிக்குள் அந்தப் படத்தை நான் சென்னைக்கு அனுப்பியாக வேண்டும். அவள் வேண்டாமென்று சொன்னால் அனுப்ப மாட்டேன். ஏனென்றால் படத்தில் இருக்கிற ஆள் நீர்.

அவள் வருகிறவரை சும்மா இருக்க முடியாமல்தான் இந்தக் கடிதம். நடுவில் எழுந்து போவேன், வாசலில் நிற்பேன், திரும்பி வருவேன். எழுத்து கோணியிருந்தால் சிரிக்காதீர். மின்விசிறி தாளைத் தூக்குகிறது.

முதலில் ஊர்ச் சேதி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீர் மேலே படிக்க மாட்டீர். உம்மோடு சங்கு குளிக்க வந்த அமலன் இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறான். கதவைத் திறந்து இறங்கும்போதெல்லாம் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ளுகிறான், பின்சீட்டில் இருக்கிறவர்கள் பயந்து போகிறார்கள். அவன் மூத்தவளுக்குக் கல்யாணம் பேசி, பேச்சு முறிந்து, மறுபடி பேசியிருக்கிறார்கள். ஏன் முறிந்தது என்பதை நேரில் பார்க்கும்போது சொல்லுகிறேன், இது நாலு பேர் படிக்கிற கடிதம். என் தொப்பை நலம். நீர் பார்த்ததைவிட இப்போது அதற்கு மரியாதை அதிகம். பஸ்ஸில் அதற்கென்று தனியாக இடம் விடுகிறார்கள்.

என் பெயரும் மாறவில்லை. இன்னும் 'கண்ணீர் ராயப்பன்'தான். ஊரில் யார் கண்ணை மூடினாலும் அந்த வீட்டுக்காரர்கள் அடுத்துப் பார்க்கிற முகம் என்னுடையது என்பதால் வந்த பெயர் இல்லையா? தலையைக் கொடுத்தால் போதும், உடம்பு என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வெள்ளைச் சட்டை உடம்பு, சஃபாரி உடம்பு, பட்டுச்சேலை உடம்பு, கோட்டு உடம்பு என்று தலையில்லாமல் வரிசையாக நிற்கும். உப்பளத்து வெயிலில் கருத்துப்போன மனுசரையும் ரோஜா நிறமாக்கி, தலைக்குப் பின்னால் வெளிச்சம் போட்டு, மூலைக்கு ஒரு பூங்கொத்து வைத்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று அடித்துக் கொடுத்துவிடுவேன். இதுவரை எந்த வாடிக்கையாளரும் எழுந்து வந்து குறை சொன்னதில்லை. பாராட்டினதும் இல்லை, அது வேறு விஷயம்.

அப்படிப்பட்ட என்னைப் பிள்ளைகள் புத்தகத்துக்குப் படம் போடச் சொல்லியிருக்கிறார்கள். சிரித்து முடித்துவிட்டீரா? சரி, கேளும்.

எல்லாம் காற்று செய்த வேலை. ஒரு அண்ணாச்சி, பெயர் சொன்னால் மறுபடி அடிக்க வருவார், தகப்பனாருக்குப் பேனர் அடிக்கத் தம்பியோடு வந்தார். பேனருக்குக் கீழே பிள்ளைகள் படம் போடுவோமே, அதில் யார் படம் பெரிசு என்று கடையிலேயே சண்டை. அடித்துக் கொடுத்ததைத் தம்பி பார்த்துவிட்டு, "அண்ணன் மூஞ்சி தட்டு மாதிரி இருக்கு, என் மூஞ்சி டம்ளர் மாதிரி இருக்கு, வேற அடிங்க" என்றார். வேறு ஒன்று அச்சாகிக்கொண்டிருந்த நேரத்தில், வேண்டாமென்று போட்ட பேனரின் பின்பக்கத்தில் நான் மார்க்கரால் கிறுக்கினேன். கட்டிலில் பெரியவர். ஒரு காலை மூத்தவன் இழுக்கிறான், மறு காலை இளையவன் இழுக்கிறான். பெரியவர் கொட்டாவி விடுகிறார். சும்மா, என் சந்தோசத்துக்கு. அப்புறம் சுருட்டி வைத்த உருளை மாறிப்போய், கிறுக்கினதையே கொடுத்துவிட்டேன்.

முச்சந்தியில் கட்டினார்கள். சாயங்காலம் கடற்காற்று அடித்ததா, கீழ்க்கயிறு அவிழ்ந்ததா, பேனர் திரும்பிக்கொண்டதா! தெருவே நின்று பார்த்துச் சிரித்திருக்கிறது. அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் ஏறி என்னை அடிக்க வந்தார்கள். அந்தக் குடும்பம் ஒற்றுமையாக ஒரு காரியத்துக்குக் கிளம்பினதே அன்றைக்குத்தான் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர்.

நான் அச்சு மெஷினுக்குப் பின்னால் ஒளிந்திருந்தபோது இன்னொரு குரல் கேட்டது. சென்னையில் பிள்ளைகள் புத்தகம் போடுகிற ஒரு பொண்ணு, பெயர் மீரா. பள்ளிக்கூடத்தில் கதை சொல்ல வந்தவள், ஆட்டோவில் போகும்போது பேனரைப் பார்த்திருக்கிறாள்.

"இதை வரைஞ்சது யாரு சார்?"

"நான் இல்ல மேடம்" என்றேன் மெஷினுக்குப் பின்னால் இருந்தே.

"ஐயோ, யாருன்னு சொல்லுங்க, வேலை கொடுக்கணும்."

வெளியே வந்தேன்.

கதை சின்னக் கதைதான் மாப்ள. பக்கத்துக்கு இரண்டு வரி. பெயர் 'கடலுக்கடியில் அப்பா'. சங்கு குளிக்கிறவர் ஒருத்தர் படகிலிருந்து கடலுக்குள் முங்குகிறார். அவர் கீழே என்னவெல்லாம் செய்வார் என்று கரையில் அவருடைய மகள் யோசிக்கிறாள். மீனோடு பேசுவாரோ, ஆமைமேல் ஏறுவாரோ என்று பக்கத்துக்குப் பக்கம் அவள் கற்பனை. கடைசிக்கு முந்தின பக்கத்தில்தான் அவர் நிஜமாகக் கீழே இருப்பதைக் காட்டவேண்டும். படித்தவுடன் எனக்கு உம்ம முதுகு ஞாபகம் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. "போட்டுருவோம் மேடம்" என்று மட்டும் சொன்னேன், பேனருக்குச் சொல்லுகிற மாதிரியே.

முதல் தடவை அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பொண்ணு ஃபோன் பண்ணினாள். மெல்ல, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் செத்துப்போன மாதிரி இருக்காங்க" என்றாள்.

எடுத்து வைத்துப் பார்த்தேன். நிஜம்தான். அப்பா நேராகப் பார்த்துக் கும்பிடுகிறார். தலைக்குப் பின்னால் வெளிச்சம். மூலையில் பூங்கொத்து, என் கை என்னைக் கேட்காமலே வைத்திருக்கிறது. மீன்கள் எல்லாம் ஆதார் அட்டைக்கு உட்கார்ந்த மாதிரி. ஒரு நண்டு இரண்டு கொடுக்கையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது வே! இருபது வருசமாக ஒரே வேலையைச் செய்தால் கை இப்படித்தான் ஆகிவிடுமோ?

"அந்த பேனருக்குப் பின்னாடி வரைஞ்சீங்களே, அப்படி வரைங்க சார்."

"அப்படி வரைஞ்சா அடிக்க வாராங்களே மேடம்."

"இவங்க பசங்க. அடிக்க மாட்டாங்க."

அவளுக்கு நம்ம ஊர்ப் பிள்ளைகளைத் தெரியாது.

சரி, உயிரோடு இருக்கிறவர்களைப் பார்த்து வரைந்து பழகுவோம் என்று நோட்டும் பென்சிலுமாக, உம்ம படகுக்காரர்கள் இருக்கிற திரேஸ்புரத்துக்குப் போனேன். கரையில் ஒரு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து பென்சிலை எடுத்ததுதான் தாமதம், வலை பின்னிக்கொண்டிருந்த கூட்டம் கலைந்தது. "என்ன கண்ணீரு, யாருக்கு முடிஞ்சிட்டு?" என்று ஒருத்தர். உம்ம மூத்த கூட்டாளி சூசை அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "ஏலே, என் மூஞ்சிய எடுக்காத. எனக்கு இன்னும் நாள் கெடக்கு" என்றார். மீன் கூடைக்காரி ஒருத்தி மட்டும் தைரியமாக முன்னால் வந்து நின்றாள். "என்னைய வரைங்கண்ணே. ஆனா வெள்ளையா வரையணும். கழுத்துல ரெட்டவடம் போடணும்." நான் கருப்பாக, ரெட்டைவடம் இல்லாமல், வாயைப் பிளந்து ஏலம் கேட்கிற மாதிரி வரைந்தேன். பார்த்துவிட்டு, "இது எங்க அக்கா மாதிரி இருக்கு" என்று கோபித்துக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் வரைய வந்தது.

இரும். வாசலில் சத்தம்.

ஜெசி இல்லை. காதுகுத்து பேனர். பிள்ளைக்குக் கிரீடம் வைத்து, சிங்கத்து மேல் உட்கார வைக்க வேண்டுமாம். படபடப்பில் வெள்ளை ரோஜா பார்டரைப் போட்டுக் காட்டிவிட்டேன். தாய்மாமன்காரன் என்னை ஒரு பார்வை பார்த்தான் பாரும். மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். இன்னும் வெயில் இறங்கவில்லை. ஜெசி தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாளோ? இல்லை, அடுப்பில் போட்டிருப்பாளோ?

எங்கே விட்டேன்? ஆங், கடல். கரையை வரைந்துவிட்டேன், படகை வரைந்துவிட்டேன், ஆமையைக்கூடச் சமாளித்துவிட்டேன். கடலுக்கு அடியை எப்படி வரைகிறது? வலைத்தளத்தில் தேடினால் எல்லாக் கடலும் நீலமாக, கண்ணாடி மாதிரி இருக்கிறது. நம்ம கடல் அப்படியா இருக்கும்? உம்மைக் கேட்டால் ஒரு நிமிசத்தில் சொல்லியிருப்பீர். சொல்லிவிட்டு நாலு நாள் அதை வைத்தே என்னைக் கேலியும் பண்ணியிருப்பீர்.

நான் கடலுக்கு வந்ததே ஒரே ஒரு தடவை. கல்யாணம் முடிந்த புதுசு. முங்குகிறவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை மச்சான் கையில்தான் இருக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றீர். வேறு ஆள் கயிற்றை விட்டாலும் விடுவான், தங்கச்சி தாலி என்றால் மச்சான் விட மாட்டான் என்று அந்தக் காலத்து ஆட்கள் போட்ட கணக்கு. என்ன மூளை! ஆனால் மச்சானுக்கு வயிறு என்று ஒன்று இருப்பதை அவர்கள் யோசிக்கவில்லை. "கயிறு ஒருக்கா ஆடினா 'இருக்கேன்'னு அர்த்தம். ரெண்டு தடவை ஆடினா தூக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பொத்தென்று குதித்தீர். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. படகின் விளிம்பில் கவிழ்ந்து, காலையில் தின்ற ஆப்பத்தை எல்லாம் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கயிற்றை விடவில்லை மாப்ள, அதை நீரே ஒப்புக்கொண்டீர். மேலே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மச்சான், உம்ம புண்ணியத்துல இன்னைக்கு மீனுக்கெல்லாம் பந்தி" என்றீர். அப்புறம் மூச்சு வாங்க வாங்க, "கீழ இருந்து பார்த்தா படகு ஒத்தச் செருப்பு மாதிரி தெரியும். உம்ம தலை அதுல ஒட்டின சாணி மாதிரி தெரிஞ்சுது" என்றீர்.

கடலுக்கடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதை வைத்துத்தான் வரைந்தேன். நீலம் இல்லை, கலங்கின இளநீர் மாதிரி ஒரு பச்சை. கீழே நீர் குனிந்து மணலில் இருக்கிற சங்குக்குக் கை நீட்டுகிறீர். சட்டை கிடையாது. அந்த முதுகு, கதவு மாதிரி. முகம் பாதி திரும்பி மேலே பார்க்கிறது. இடுப்பிலிருந்து கயிறு மேலே மேலே போகிறது. தாளின் உச்சியில் ஒற்றைச் செருப்பு மாதிரி படகு. விளிம்பில் ஒரு குண்டு ஆள் கவிழ்ந்து வாந்தி எடுக்கிறான், மீனெல்லாம் அவனைச் சுற்றிப் பந்திக்கு உட்கார்ந்திருக்கிறது.

மீரா பார்த்துவிட்டு முதலில் சிரித்தாள். அப்புறம், "சார், இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உம்மை உம்ம வீட்டில் கேட்காமல் வரைந்திருக்கிறேன்.

உமக்குத் தெரியாத கதை ஒன்று இருக்கிறது. கடல் உம்மை ஒன்றும் செய்யவில்லை, காமாலை கொண்டுபோயிற்று. அன்றைக்கு உமக்குப் பேனர் அடிக்க நான் உட்கார்ந்தபோது ஜெசி பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, கோட்டு போடு" என்றாள். உம்ம கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? வாடகைக் கோட்டை மாட்டிவிட்டுக் கையைத் தூக்கச் சொன்னோம், முதுகு டர்ரென்று கிழிந்தது. ஊரில் இருந்த எந்தக் கோட்டும் உம்ம தோளுக்குப் பத்தவில்லை. வெறும் வெள்ளைச் சட்டையோடு பலிபீடத்துக்கு முன்னால் நின்றீர். எல்லா மாப்பிள்ளையும் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார்கள், என் மாப்பிள்ளை மட்டும் சாமான் இறக்க வந்தவர் மாதிரி நின்றார் என்று அவளுக்கு ஒரு குறை. அதைக் கடைசியாக என் கம்ப்யூட்டரில் தீர்த்துக்கொண்டாள். யாரோ ஒரு வெள்ளைக்காரன் உடம்பு, நீலக் கோட்டு, கழுத்தில் டை, மேலே உம்ம தலை. தோள் மட்டும் உம்மில் பாதிதான். பார்த்தால் நீரே விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்.

உம்ம மகள் அன்சி அப்போது தவழ்கிற பிள்ளை. பேனரில் உம்ம படத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு ஜெசி சுவரில் மாட்டினாள். பிள்ளைக்குத் தெரிந்த அப்பா அதுதான். இப்போது மூன்றாம் வகுப்பு. 'என் அப்பா' என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னதற்கு, 'என் அப்பா கப்பல் கம்பெனியில் கோட்டு போட்டு வேலை பார்த்தார்' என்று எழுதிவிட்டு வந்தாள். ஜெசி அதைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. நீரா எழுந்து வந்து திருத்தப் போகிறீர்?

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"புத்தகம் அன்சி பள்ளிக்கூடத்துக்கு வருமா?"

"வரும்."

"அப்ப கோட்டு போட்டு வரை."

"தண்ணிக்குள்ள யாருளா கோட்டு போடுவா?"

"உன் புத்தகத்துல மீன் பேசுதா?"

"ஒரு பக்கத்துல பேசும்."

"மீன் பேசலாம், எங்க வீட்டுக்காரரு கோட்டு போடக்கூடாதாக்கும்?"

இதற்கு என்ன பதில் சொல்லுவீர்? அப்புறம் மெஷினை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அவ படிச்சு மேல வரணும்ணே. கீழயே போய்ட்டு வந்த மனுசனை எதுக்கு இப்பப் போய்க் காட்டணும்?"

நானும் முயன்று பார்த்தேன், சத்தியமாக. கோட்டு மாட்டி வரைந்தேன். கப்பலிலிருந்து தவறி விழுந்த மேனேஜர் மாதிரி இருக்கிறது என்றாள் மீரா. சரி, ஆளையே மாற்றிவிடுவோம் என்று வேறு முகம் போட்டேன், மெலிய வைத்தேன், மீசை வைத்தேன். மறுபடி அதே தலையில்லாத உடம்பு வந்து உட்கார்ந்துகொண்டது. நண்டு கும்பிட ஆரம்பித்துவிடுமோ என்று பயமாகிவிட்டது. அதற்குமேல் எனக்கு வழி தெரியாமல்தான், உம்மை உள்ளபடி அச்செடுத்து இன்றைக்கு அவள் கையில் கொடுத்தேன். "நீயே சொல்லு" என்றேன்.

டீக்கடைக்குப் போய் வந்தேன். வந்து கடையைத் திறந்து பார்த்தேன். மறுபடி வாசலுக்குப் போனேன். அதோ, தெருமுனையில் இரண்டு பேர். பையோடு ஒரு பெரிசு, குதித்துக்கொண்டு ஒரு சிறிசு. பேனாவை வைக்கிறேன்.

போய்விட்டார்கள் மாப்ள. விளக்குப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

ஜெசி படத்தை மேசையில் விரித்து நாலு மூலையிலும் என் டீ டம்ளர்களை வைத்தாள். அன்சி நாற்காலியில் ஏறி முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, இது எங்கப்பாவா?"

நான் ஜெசியைப் பார்த்தேன். ஜெசி அச்சு மெஷினைப் பார்த்தாள்.

"ஆமா மக்களே."

"அம்மாவும் அப்படித்தான் சொல்லுது."

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. ஆக, வீட்டிலேயே சொல்லிவிட்டுத்தான் கூட்டி வந்திருக்கிறாள்! இந்தப் பொம்பிளை என்னை ஏன் இப்படி வதைக்கிறாள்?

"அப்பா எவ்வளவு ஆழம் போவாங்க?"

"ஒரு பனைமரத்தைத் தலைகீழா நட்டா எவ்வளவு, அவ்வளவு."

யோசித்தாள். விரலால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேலே போனாள், படகு வரைக்கும். திரும்பக் கீழே வந்தாள். முகம் சுருங்கியது.

"அப்ப கோட்டு எங்க?"

ஜெசி இப்போது என்னைப் பார்த்தாள். நீதானே வரைந்தாய், சொல்லு என்கிற பார்வை.

"நனைஞ்சிரும்லா" என்றேன். "கழத்தி வச்சிட்டுத்தான் இறங்குவாங்க."

"எங்க வச்சிருக்காங்க?"

"படகுலதான்."

"இந்தக் குண்டு மாமா கையிலயா?"

"ஆமா."

"அவரு வாந்தி எடுக்காரே! கோட்டுல படாதா?"

எத்தனை வாத்தியார், எத்தனை சாமியார், எத்தனை போலீஸ்காரர் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு குறுக்கு விசாரணையைப் பார்த்ததில்லை. "படாது மக்களே. ஒரு கையில கயிறு, இன்னொரு கையில கோட்டு. கோட்டை உசரத் தூக்கிப் பிடிச்சிருப்பாரு. வாந்தி அந்தப் பக்கம்."

"அப்ப வரைங்க. வரையாம எப்படித் தெரியும்?"

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தேன். குண்டு ஆளுக்கு ஒரு கையில் கயிறு இருந்தது. இன்னொரு கையை மேலே தூக்கினேன், அதில் மடித்த கோட்டு ஒன்றை வைத்தேன். நீலக் கோட்டு. அன்சி தலையை ஆட்டினாள். நான் முடித்துவிட்டதாக நினைத்தபோது முதுகுக்குப் பின்னால் ஜெசி குரல்.

"அண்ணே, கோட்டை அப்படி மடிக்கக்கூடாது."

"என்னளா?"

"தோள் நசுங்கிரும்லா. உள்பக்கத்தை வெளிய தள்ளி, ஒரு தோளுக்குள்ள இன்னொரு தோளைச் சொருகி மடிக்கணும்." ஆணியில் தொங்கிய என் சட்டையை எடுத்து மடித்துக் காட்டினாள். அந்தச் சட்டை அப்படி ஒரு மரியாதையை அதுவரை பார்த்ததில்லை. நான் அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். குனிந்து பார்த்தாள். இன்னும் திருப்தியில்லை.

"தோளை அகலமாப் போடு. இது அவருக்குப் பத்தாது."

போட்டேன்.

"இன்னும்."

போட்டேன். மடித்த கோட்டு ஒரு தலையணை மாதிரி ஆகிவிட்டது. குண்டு ஆள் அதைத் தூக்கிப் பிடிக்கத் திணறுகிறான். ஜெசி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணை ஒரு தடவை ஒற்றிக்கொண்டு, "ம், இப்பப் பத்தும். அனுப்பு" என்றாள்.

கிளம்பும்போது அன்சி படியில் நின்று திரும்பினாள். "மாமா, அந்தக் குண்டு மாமாட்ட சொல்லுங்க. கோட்டு விழுந்தாக்கூடப் பரவால்லயாம், கயித்த விட்டுறக் கூடாதாம்." அது யாரென்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? நான் கேட்கவில்லை.

அனுப்பிவிட்டேன் மாப்ள. மீராவிடமிருந்து இன்னும் பதில் இல்லை. கோட்டு எதற்கு சார் என்று கேட்பாளோ? கேட்டால் என்ன சொல்லுவது? ஒன்றும் சொல்லாமல் இருந்து பார்க்கட்டுமா? மறுபடி இருப்புக் கொள்ளவில்லை. டீக்கடையும் சாத்திவிட்டான்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு திரேஸ்புரத்தில் உம்ம கூட்டாளிகளுக்கு வாசித்துக் காட்டுவேன். சூசை அண்ணாச்சியின் முகத்துத் துண்டை நானே எடுத்துவிடுவேன். அன்சி கேட்கும்போதெல்லாம் உம்மைப் பற்றிச் சொல்லுவேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன், அதற்கு நீர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீர் நிதானமாக, மூச்சு இருக்கிறவரை இருந்து சங்கு எடும். அவசரமில்லை. கோட்டு நனையாமல் இருக்கிறது. கயிறு என் கையில் இருக்கிறது, வயிறு என்ன பாடு பட்டாலும் விட மாட்டேன். முடிந்தால் ஒரே ஒரு தடவை ஆட்டும். 'இருக்கேன்' என்று தெரிந்துகொள்கிறேன்.

படகின் விளிம்பில் கவிழ்ந்தபடி,
உம்ம மச்சான்,
ராயப்பன்